சர்க்யூட் கோர்ட் என்றால் சுற்றுலா நீதிமன்றமா?

நீதிபதி ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்கும் சர்க்யூட் கோர்ட்டைச் ‘சுற்றுலா நீதிமன்றம்’ என்பது இலங்கைச் செய்திகளில் ஊறிப்போன வழக்கம். தமிழ்நாடும் சளைத்ததில்லை, சர்க்யூட் ஹவுஸுக்குச் ‘சுற்றுலா மாளிகை’ என்று பலகை மாட்டியவர்கள்தானே நாம். அதே சொல்லைக் கனடாவின் வடகோடிப் பிரதேசமான நுனாவுட் வரை தூக்கிக்கொண்டு போகும்போதுதான் பொறுக்க முடியவில்லை.

லத்தீனில் ‘சுற்றிப் போதல்’ என்பது வேர். இங்கிலாந்தில் 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ஹென்றி காலத்திலேயே, அரசரின் நீதிபதிகள் ஊர் ஊராகப் போய் வழக்குக் கேட்டார்கள். அப்படிப் போய்வரும் வட்டாரத்துக்குச் சர்க்யூட் என்று பெயர் வந்தது. அவ்வளவுதான்.

உலா நல்ல சொல். தலைவன் வீதிவலம் வருவதைப் பாடும் சிற்றிலக்கியத்துக்கே அந்தப் பெயர். ஆனால் சுற்றுலா என்றால் இன்று யாருக்கு மூவருலா ஞாபகம் வருகிறது? ஊட்டிதான் வருகிறது.

நுனாவுட்டில் மொத்தம் 25 ஊர்கள். ஊருக்கும் ஊருக்கும் சாலை கிடையாது. 1999 ஏப்ரல் 1 அன்று பிரதேசத்தோடு கூடவே பிறந்த நுனாவுட் நீதிமன்றத்தின் கட்டடம் தலைநகர் இக்காலுயிட்டில் இருக்கிறது. மற்ற ஊர்களுக்கு நீதிபதி, எழுத்தர், அரசு வழக்கறிஞர், சட்ட உதவி வழக்கறிஞர் எல்லாரும் விமானத்தில்தான் போயாக வேண்டும். ஊர்ப் பொதுக்கூடத்திலோ பள்ளி ஜிம்மிலோ மேசை போட்டால் அதுவே நீதிமன்றம். அங்குள்ள பூர்வகுடிகளான இனூயிட் மக்களின் மொழி இனுக்டிடுட்; அதற்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பல வழக்குகள் நகராது. சட்ட உதவி வழக்கறிஞர் தன் கட்சிக்காரரை முதன்முதலாக நேரில் பார்ப்பதே பல நேரம் விசாரணைக்கு முந்தின நாளோ, அன்று காலையோதான். நாலு நாற்காலி தள்ளிப் புகார் கொடுத்தவரின் உறவினர் உட்கார்ந்திருப்பார். ரகசியம் பேச ஒரு அறை தேடுவதே பாடு. பனிப்புயலில் விமானம் இறங்காவிட்டால் பட்டியல் முழுவதும் அடுத்த சுற்றுக்குப் போகும். சின்ன ஊரென்றால் அது மாதக்கணக்கு. ஜாமீன் கிடைக்காதவர் அதுவரை சொந்த ஊரைவிட்டு வெகுதூரத்தில் சிறையில் கிடப்பார். இதற்குச் சுற்றுலா என்று பெயர் வைக்க எப்படித்தான் கை வருகிறதோ!

‘நடமாடும் நீதிமன்றம்’ என்பவர்களும் உண்டு. அந்தச் சொல்லை, வேனில் வந்து சில்லறைக் குற்றங்களுக்கு நின்ற இடத்தில் அபராதம் போடும் மொபைல் கோர்ட் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. நுனாவுட் சுற்றில் ஜூரி வைத்துப் பெரிய குற்ற வழக்கே நடக்கும். தேதியும் முன்கூட்டியே குறித்தது.

1955இல், நுனாவுட்டும் அப்போது சேர்ந்திருந்த வடமேற்குப் பிரதேசங்களின் நீதிபதியாகி, ஊர்களுக்கே பறந்துபோய் விசாரித்தவர் ஜாக் சிசன்ஸ். இனூயிட் மக்கள் அவருக்கு வைத்த பெயருக்குக் ‘கேட்பவர்’ என்று பொருள். வந்து உட்கார்ந்து கேட்டதுதான் அவர்களுக்குப் பெரிதாகப் பட்டிருக்கிறது. ஆகவே ‘சுற்றமர்வு நீதிமன்றம்’ என்பதே பொருந்தும் என்பேன். அமர்வு நீதிமன்றம், மதுரை அமர்வு என்று நீதித்துறையில் ஏற்கெனவே புழங்கும் சொல் அது. சுற்று என்பது முறைவைத்து வருவதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. சுற்றத்தார் கூடி அமர்வதா என்று கேலி பேசுபவர்களுக்காகச் ‘சுற்று அமர்வு’ என்று பிரித்தே எழுதலாம்.

அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டுவதே நம் மொழிபெயர்ப்பாளர்களின் தீராத வியாதி. சுற்றில் சேர்ந்து பறக்கும் குழுவுக்கு அங்கே ‘கோர்ட் பார்ட்டி’ என்று பெயர். அதை ‘வழக்குத் தரப்பினர்’ என்று எழுதிப் பாருங்கள், நீதிபதியே வாதியாகிவிடுவார். நீதிமன்றக் குழு என்றால் போதும்.