தன்னையே பொய் என்று சொல்லும் வாக்கியம்

"இந்த வாக்கியம் பொய்" என்று ஒருவர் எழுதினால் அது உண்மையா, பொய்யா? உண்மை எனக் கொண்டால், அது சொல்கிறபடியே பொய்யாகிவிடுகிறது. பொய் எனக் கொண்டால், அது சொல்வதும் அதையே என்பதால் உண்மையாகிவிடுகிறது. பண்டைய கிரேக்கர் அறிந்திருந்த இந்தப் புதிரை வெறும் சொல்விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. வழக்கமான தருக்கவியலில் ஒரே ஒரு முரண்பாட்டை ஏற்றுக்கொண்டாலும் அதிலிருந்து எதை வேண்டுமானாலும் நிறுவிவிடலாம். உண்மை என்ற சொல்லுக்கே பயனில்லாமல் போய்விடும்.

போலந்து அறிஞர் ஆல்ஃபிரட் டார்ஸ்கி, 1933இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழி தன் வாக்கியங்களின் உண்மையைத் தானே பேசுவதுதான் சிக்கலுக்கு வேர் என்று காட்டினார். ஆகவே ஒரு மொழியின் வாக்கியங்களை உண்மை என்றோ பொய் என்றோ சொல்வதற்கு அதற்கு மேற்பட்ட இன்னொரு மொழி வேண்டும், அம்மொழியைப் பற்றிப் பேச அதற்கும் மேலே ஒன்று வேண்டும் என்று படிகள் உயர்ந்துகொண்டே போகும். கணிதத்துக்கு இது மிகப் பெரிய கொடை. ஆனால் நாம் பேசும்போது எந்தப் படியில் நின்று பேசுகிறோம் என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்கத் தத்துவவியலாளர் சால் கிரிப்கி 1975இல் எழுதிய கட்டுரையில் இதை விளக்க, 1970களில் அமெரிக்க அரசியலை உலுக்கிய வாட்டர்கேட் விவகாரத்தை வைத்து ஒரு கற்பனைச் சூழலை அமைத்தார். வாட்டர்கேட் பற்றி அமெரிக்க அதிபர் நிக்சன் சொன்னவை அனைத்தும் பொய் என்கிறார், அவருடைய சட்ட ஆலோசகராக இருந்த ஜான் டீன். டீன் சொன்னவை அனைத்தும் பொய் என்கிறார் நிக்சன். டீனின் கூற்று நிக்சனின் கூற்றுக்கு மேற்படியில் இருக்க வேண்டும், நிக்சனின் கூற்றும் டீனின் கூற்றுக்கு மேற்படியில் இருக்க வேண்டும். இது நடக்காத காரியம்.

கிரிப்கியின் வழிமுறை படிப்படியாக நடக்கிறது. தொடக்கத்தில் "உண்மை", "பொய்" ஆகிய சொற்கள் எந்த வாக்கியத்துக்கும் பொருத்தப்படுவதில்லை. முதலில், "பனி வெண்மையானது" போல உலகைப் பார்த்தே தீர்மானிக்கக்கூடிய வாக்கியங்கள் உண்மை அல்லது பொய் என்ற மதிப்பைப் பெறுகின்றன. அடுத்து, அவற்றைப் பற்றிப் பேசும் வாக்கியங்கள். பிறகு அவற்றையும் பற்றிப் பேசுபவை. புதிதாக எதுவும் மதிப்புப் பெறாத ஒரு நிலையில் இந்தப் பயணம் நின்றுவிடுகிறது. வாட்டர்கேட் பற்றி நிக்சன் உண்மையான ஒரு செய்தியையேனும் சொல்லியிருந்தால், டீனின் "அனைத்தும் பொய்" அப்போதே பொய்யாகிவிடும். "இந்த வாக்கியம் பொய்" என்பதோ எந்தக் கட்டத்திலும் உலகத்தைத் தொடுவதில்லை. அதனால் கடைசிவரை மதிப்பில்லாமலே நிற்கிறது. "இந்த வாக்கியம் உண்மை" என்பதற்கும் அதே கதிதான்.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது, ஒரு கூற்று சிக்கலில் மாட்டுமா என்பதை அதன் வடிவத்தைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது என்ற முடிவுதான். பிறர் உண்மையில் என்ன பேசினார்கள் என்பதையும் அது பொறுத்திருக்கிறது.

எனினும் புதிர் வேறு உருவில் திரும்பி வருகிறது. "இந்த வாக்கியம் உண்மையல்ல" என்பதை எடுத்துக்கொள்வோம். அதற்கும் மதிப்பில்லை என்றால் அது உண்மையல்லதான். அது சொல்வதும் அதையேதான். இதைச் சொல்லி முடிப்பதற்கு ஒரு மேல்மொழிக்கு ஏற வேண்டியிருக்கிறது என்பதை, அதாவது டார்ஸ்கியின் படிகள் முழுமையாக நீங்கிவிடவில்லை என்பதை, கிரிப்கி அதே கட்டுரையில் ஒப்புக்கொண்டார்.