முகத்தில் ஒரு பொய் போதும்

சர்ரியலிசப் பாணி, அதாவது நிஜத்தைக் கனவுபோல் பிறழவைக்கும் பாணி, என்று வரையப்படும் முகங்களில் அடிக்கடி காணும் பிழை: நீல மூக்கு, பச்சைக் கன்னம், நாலு பக்கமும் வெளிச்சம். எல்லாமே விசித்திரமானால் எதுவும் விசித்திரமாகத் தெரியாது. பெல்ஜிய சர்ரியலிச ஓவியர் ரெனே மக்ரிட் 1937இல் கலைப் புரவலர் எட்வர்ட் ஜேம்ஸை வரைந்தபோது தலை இருக்கவேண்டிய இடத்தில் ஒளிப்பிழம்பை வைத்தார். உடையும் மேசையும் கைகளும் அச்சொட்டாக அப்படியே இருக்கின்றன. அதனால்தான் அந்தப் படம் நம்மை உலுக்குகிறது.

நம் ஊரிலேயே பழகலாம். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் காலை வெயிலில் ஒருவரை வடக்குப் பார்க்க இருத்துங்கள். வலக்கன்னம் செம்மஞ்சள், இடக்கன்ன நிழலில் வானத்தின் நீலம், நாடிக்குக் கீழே மணலில் பட்டுத் திரும்பும் ஒளி. இதைக் கவனமாகக் குறித்துக்கொண்டு, கன்வஸில் அவரைக் கிழக்கு யன்னலுள்ள வெறும் அறைக்குள் உட்காரவையுங்கள். நாடிக்கீழ் ஒளியை மட்டும் கடற்பச்சையாக்குங்கள். அறையில் தண்ணீரே இல்லை, முகத்தில் மட்டும் கடல். அந்த ஒரு பொய் போதும்.

ஆனால் பச்சை, வெயில்படும் கன்னத்தைவிட இருண்டே இருக்க வேண்டும். மீறினால் கீழிருந்து டோர்ச் அடித்ததுபோல் ஆகிவிடும். கைபேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள்; முகம் அப்போதும் உருண்டு திரண்டு நிற்க வேண்டும். நிறம் எப்படியும் போகலாம், இருள்வெளிச்ச அளவு பிசகக்கூடாது.

எண்ணெய் வர்ணத்தில் வரையும்போது முதற்பூச்சு டர்பன்டைனில் கரைத்த பேர்ன்ட் அம்பர் (கடும்பழுப்பு) மட்டும். நம் மாநிறத் தோலுக்கு வெள்ளை சேர்த்து வெளிச்சம் காட்டினால் சாம்பல் பூத்துவிடும். பேர்ன்ட் சியன்னாவுடன் (செம்பழுப்பு) யெல்லோ ஓக்கர் (மண்மஞ்சள்) கலந்து ஏற்றுங்கள். டைட்டேனியம் வெள்ளை நெற்றியிலும் மூக்கு நுனியிலும் உள்ள மினுக்கத்துக்கு மட்டும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், அம்பரும் அல்ட்ராமரீன் நீலமும் போதும். நாடிக்கீழ்க் கடற்பச்சைக்கு, மிகச் செறிவான தலோ பச்சையைக் கடுகளவில் தொடங்குங்கள். கொஞ்சம் கூடினாலும் கலவை முழுவதையும் விழுங்கிவிடும்.

மாரியில் ஈரக்காற்றால் பூச்சு காயச் சுணங்கும். பொறுமையின்றி எண்ணெய் மிகுந்த பூச்சின் மேல் எண்ணெய் குறைந்ததைப் போட்டால் பின்னாளில் வெடிக்கும். மேலே போகப்போக எண்ணெய் கூட வேண்டும்.

தூரிகை துடைத்த ஆளிவிதை எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. காயும்போது எண்ணெய் சூடாகும், குவியலுக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பற்றும். வெளியே ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் போட்டு மூடிவையுங்கள்.