கிராவல் (சொல் விளக்கம்)

ராமநாதபுரம் பக்கம் ‘கிராவல்’ என்றதும் டிப்பர் லாரிதான் நினைவுக்கு வரும். மனையை உயர்த்தக் கொட்டுவதும் கிராவல், தார் வராத தெருவில் பரப்பி ரோலர் ஓட்டுவதும் கிராவல். அதே சொல் இப்போது சைக்கிள் கடைகளில் கிராவல் பைக், கிராவல் டயர், கிராவல் ரூட் என்று, தார் இல்லாத வழியில் ஓட்டுவது என்ற வேறு பொருளில் புழங்குகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிக்கொண்டு உச்சிப்புளியிலிருந்து கடல் பக்கம் சைக்கிளைத் திருப்பினால், கொஞ்ச தூரத்திலேயே முன்சக்கரம் மணலில் புதையும்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அதில் வியப்பில்லை. ஆங்கிலத்துக்கு இது பழைய பிரெஞ்சின் ‘கிராவெல்’ வழியாக வந்தது. அது ‘கிராவ்’ என்பதன் குறுமை வடிவம். கிராவ் என்றால் மணலும் கல்லும் கலந்து கிடக்கும் கரை. அதற்கும் அடியில் இருப்பது கெல்டிக் வேர். இன்றைய பிரெஞ்சிலும் ‘கிரேவ்’ என்றால் நீர்க்கரைதான். பாரிஸில் சேன் ஆற்றங்கரையில் அந்தப் பெயரில் ஒரு திடல் இருந்தது. வேலை தேடுவோர் அங்கே கூடியதால், பின்னாளில் வேலைநிறுத்தத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சைக்கிளுக்குத் தேவையில்லாத கிளைக்கதை என்றாலும், மணலும் கல்லும் இந்தச் சொல்லுக்குள் தொடக்கத்திலிருந்தே கலந்து கிடந்தன என்பதற்கு அது சாட்சி.

பொறியாளர்கள் அந்தக் கலப்பைப் பிரித்து அளவு வைத்தார்கள். இந்திய மண் வகைப்பாட்டுத் தரத்தின்படி 4.75 மி.மீ. முதல் 80 மி.மீ. வரையுள்ள பருக்கைகள்தான் கிராவல். அதற்குக் கீழே மணல். நம் ஊர்ப் பேச்சில் இந்த அளவுகோல் எடுபடாது. 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள் கண்மாயில் மண் அள்ள அனுமதிக்கும்போது களிமண், வண்டல், சவுடு ஆகியவற்றோடு கிராவலையும் சேர்த்தே சொல்கின்றன. அந்தப் பழக்கத்தில் லாரிக்காரர் கிராவல் என்று இறக்குவது, சிறு செந்நிறக் கற்களும் செம்மண்ணும் கலந்த கலவை. அந்தச் செம்மண் பசையாக இருந்து கல்லைப் பிடித்துக்கொள்வதால்தான் ரோலர் ஓடியதும் அது சாலையாக இறுகுகிறது.

இதற்குச் சரியான தமிழ் சரளை. ஐயத்துக்கு இடமில்லை, ஊர்ப் பேச்சிலும் அந்தச் சொல் இருக்கிறது. ‘கூழாங்கல்’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு, அது பிழை. கூழாங்கல் நீரில் உருண்டு வழவழப்பானது. அதைப் பரப்பினால் கல்லோடு கல் பிடிக்காமல் டயருக்கடியில் உருளும். ஜல்லி என்பது கிரஷரில் உடைத்த கருங்கல். முக்கால் ஜல்லி, ஒன்றரை ஜல்லி என்பதெல்லாம் அதன் அங்குலக் கணக்கு. உடைத்த கல்லைப் பரப்பி, மண்ணும் நீரும் விட்டு உருட்டினால் கப்பி ரோடு. பழைய தமிழில் ‘பரல்’ இருக்கிறது. அகநானூற்றில் மானினம் துள்ளும் ‘பரல் அவல்’, பரற்கல் கிடக்கும் பள்ளம். அழகான சொல்தான். ஆனால் சிலம்புக்குள் இருப்பதும் பரல் என்பதால், சாலைக்கு அதைக் கொண்டுவந்தால் விளக்கம் சொல்லியே மாளாது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. கிராவல் சைக்கிள் ஓட்டம் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பெயர் பெற்றது. எம்போரியா என்ற ஊரைச் சுற்றி 2006இல் தொடங்கிய 200 மைல் போட்டியின் பாதை, சிக்கிமுக்கிக் கல் கிடக்கும் பண்ணைச் சாலைகள். அங்கே பெயரும் பொருளும் ஒன்றே. 2022இல் இத்தாலியின் வெனெட்டோவில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடப்பதற்குள் மண் பாதை, காட்டுப் பாதை, ஆற்றங்கரைப் பாதை எல்லாமே கிராவல் ஆகிவிட்டன. இங்கிலாந்தின் மூர்லாந்துப் பாதைகளும் இதில் அடக்கம். மூர் என்பதைப் பொட்டல் என்று பெயர்ப்பதும் தவறு. பொட்டல் காய்ந்தது, மூர் என்பது நீர் ஊறிய கரிமண் மேடு. அங்கே கல் பரப்பிய தடத்தைவிட்டு ஒரு முழம் விலகினாலும் சக்கரம் உள்வாங்கும். 1968ஆம் ஆண்டுச் சட்டம் அந்நாட்டின் குதிரைப்பாதைகளில் சைக்கிளுக்கு உரிமை கொடுத்தது, நடைபாதைகளில் கொடுக்கவில்லை.

ஆக, கொட்டிப் பரப்புகிற பொருளைக் குறிக்கும்போது சரளை. வழியைக் குறிக்கும்போது வண்டிப்பாதை. வருவாய்த் துறைப் பதிவேடுகளில் இருக்கும் சொல் அது. தார் இல்லாத, ஆனால் சக்கரம் போகிற வழி என்ற பொருள் அதிலேயே நிற்கிறது. வண்டியைச் சரளைச் சைக்கிள் என்றாலும் கிராவல் சைக்கிள் என்றாலும் நட்டமில்லை. ஆனால் வழியைச் ‘சரளைப் பாதை’ என்று எழுதிக் கொடுத்தால், படிப்பவர் சரளைக்கு ஏற்ற காற்றை அடித்துக்கொண்டு மணலுக்குப் போவார். இந்தக் கடற்கரையில் ஓட்டுகிற நிலம் பெரும்பாலும் சரளையே இல்லை.

70 கிலோ எடையுள்ள ஆள், 40 மி.மீ. டியூப்லெஸ் (உள்ளே டியூப் இல்லாத) டயர் என்று வைத்துக்கொண்டால், இறுகிய சரளையில் முன்னே 32, பின்னே 35 பவுண்டு காற்று போதும். அதே காற்றோடு சாயல்குடி பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு) மணலில் இறங்கினால் டயர் கத்தியாக வெட்டி உள்ளே போகும்; 24 பவுண்டுக்கு இறக்கினால் டயர் பரந்து மேலே மிதக்கும். லேசான கியரில் மிதியை நிறுத்தாமல், எடையைப் பின்னுக்குத் தள்ளி ஓட்ட வேண்டும். ஹேண்டிலைத் திருப்பினாலோ முன் பிரேக்கைத் தொட்டாலோ விழுந்தாயிற்று. டியூப் போட்ட டயரில் 35க்குக் கீழே இறக்கக் கூடாது. கண்மாய் மடையின் சிமெண்ட் விளிம்பில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் விளிம்புக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும்.

அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருக்குமே என்று அரியமானில் கடலோரம் போகப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். இங்கே ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. அதனால் கெட்டி மணல் சிறு பட்டைதான், அதுவும் சரிவாக இருக்கும். தனுஷ்கோடி இன்று வண்டிப்பாதைக் கணக்கில் வராது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச் சாலை.

உள்ளே வந்தால் கண்மாய்க் கரைகள். கோடையில் இவைதான் மாவட்டத்தின் நல்ல ஓட்டப் பாதைகள். மிகுந்த நீர் வழிந்தோடும் கலுங்கு வரும் இடத்தில் மட்டும் இறங்கித் தூக்கிப் போக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடை மழையில் அதே கரையின் களிமண் டயரில் அப்பி, சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்குக்கும் டயருக்கும் நடுவே அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும். டயருக்கு இருபுறமும் 6 மி.மீ. இடைவெளியாவது இல்லாத வண்டியை அந்த மாதங்களில் கரையில் ஏற்ற வேண்டாம். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயக் கண்மாய்களில் கூடு கட்டும் காலத்தில் கரையில் சைக்கிளே வேண்டாம்.

முள்தான் இந்த ஊரின் உண்மையான சோதனை. சீமைக்கருவேலம், உடைமரம், நெருஞ்சி மூன்றும் வழி நெடுகக் கிடக்கும். டியூப்லெஸ் டயரில் சக்கரத்துக்கு 60 முதல் 90 மி.லி. சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றினால் நெருஞ்சி முள் ஓட்டை தானே அடைபடும். ஆனால் இந்த வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துபோகும், ஆறு வாரத்துக்கு ஒருமுறை டயரைக் குலுக்கிப் பார்க்க வேண்டும். சளசளக்கவில்லை என்றால் உள்ளே ரப்பர் உருண்டைதான் மிச்சம். டியூப் மாற்றும்போது டயரின் உட்புறத்தைப் பழைய துணியால் துடைத்துப் பாருங்கள். ஒடிந்த முள்முனை துணியில் சிக்கும், விரலால் தடவினால் விரலில் ஏறும். பனங்காட்டுக்குள் போகிறவர்களுக்கு இன்னொன்று: காய்ந்த பனைமட்டையின் கருக்கு, ரம்பம்போல் டயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். அந்தக் கிழிசலைச் சீலன்ட் பிடிக்காது. பழைய டயரிலிருந்து விரல் நீளத்துக்கு வெட்டிய கேட்டிஸ் (ஒட்டுத் துண்டு) ஒன்றை உள்ளே வைத்து, மேலே டியூப் போட்டுத்தான் வீடு வந்து சேர வேண்டும்.

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களின் வரப்புகளில் போக முதலில் அனுமதி கேளுங்கள், கீழே பாத்தியில் ஆட்கள் வேலை செய்வார்கள். அங்கே போய்வந்த வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்பு நீரில் இருக்கும் மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், காய்ந்ததுபோல் தெரிகிற செயினும் உள்ளே நனைந்தே இருக்கும். பம்ப் வைத்துப் பேரிங்கில் பீச்சி அடிக்காமல் குவளையால் ஊற்றிக் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். சீட் கம்பியை மாதம் ஒருமுறை வெளியே இழுத்து கிரீஸ் தடவாவிட்டால் அலுமினியமும் இரும்பும் உப்பில் பிடித்துக்கொள்ளும். பிறகு பட்டறையில் ரம்பம் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும், பகல் ஏற ஏற வலுக்கும். கீழக்கரையிலிருந்து சாயல்குடி பக்கம் போவதானால் விடியுமுன் எதிர்காற்றில் கிளம்பி, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொள்ளுங்கள்.