புழு பிழைத்த மண் நல்ல மண்ணா?

மண்புழுக்கள் நெளியும் நிலத்தில் நஞ்சு எஞ்சியிருக்க முடியாது அல்லவா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பலரும் நம்பும் கருத்து இது. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி போன்ற நிலைத்த கரிம மாசுகளின் விஷயத்தில் இது தவறு. 1950களில் அமெரிக்காவில் எல்ம் மரங்களுக்கு நோய் பரப்பிய வண்டுகளை ஒழிக்க டிடிடி தெளித்தார்கள். உதிர்ந்த இலைகளைத் தின்ற மண்புழுக்கள் பல உயிரோடிருந்தன. அவற்றைத் தின்ற ராபின் பறவைகளோ உடல் நடுங்கி மடிந்தன.

இத்தகைய மாசுகளைக் கட்டுப்படுத்த 2001இல் ஏற்கப்பட்ட ஸ்டாக்ஹோம் பன்னாட்டு உடன்படிக்கை முதலில் பட்டியலிட்ட 12 மாசுகளில் டிடிடியும் ஒன்று. இவை எளிதில் சிதையாதவை, நீரை வெறுத்துக் கொழுப்பை நாடுபவை என்பது பள்ளிப் பாடத்திலேயே உண்டு. அந்த வெறுப்பு மண்ணுக்குள் என்ன செய்கிறது என்பதைத்தான் நான் நின்று பார்க்க விரும்புகிறேன்.

மண்ணில் விழும் டிடிடி மூலக்கூறு நீரைத் தவிர்த்து மட்குத் துகளின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. தொடக்கத்தில் இந்தப் பிடி தளர்வானது. மண்ணீர் நகரும்போது மூலக்கூறு கழன்று வந்து, புழுவின் ஈரத்தோல் வழியே உள்ளே போய்விடும். மாதங்களும் ஆண்டுகளும் கடக்கையில் அது மட்கின் இறுகிய உட்பகுதிக்கும், கரித்துண்டுகளின் நுண்துளைகளுக்கும் மெல்ல ஊர்ந்து செல்கிறது. அத்துளைகளில் பல சில நானோமீட்டர் அகலமே கொண்டவை. ஒரு பாக்டீரியாவின் நீளமோ ஏறத்தாழ 1000 நானோமீட்டர். ஆகவே, நஞ்சைச் சிதைக்கக்கூடிய உயிர் அந்த வாசலைக்கூட எட்ட முடியாது. உயிர்களிடமிருந்து நஞ்சை மறைக்கும் அதே அறை, நஞ்சைச் சிதைவிலிருந்தும் காக்கிறது! மண் மாசு ‘முதுமையடைதல்’ என்று ஆய்வாளர்கள் அழைக்கும் இந்நிகழ்வைப் போல என்னை வியக்க வைத்தது வேறொன்றில்லை.

இதனால் ஆய்வகம் தரும் எண்ணே குழப்பமாகிறது. வலிமையான கரைப்பான் துளைகளில் ஒளிந்ததையும் சுரண்டி எடுத்துவிடுவதால், நேற்றுத் தெளித்த நிலத்துக்கும் முப்பது ஆண்டுக்கு முன் தெளித்த நிலத்துக்கும் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று ஒரே அளவு வரலாம். உயிர்களுக்கு எட்டும் பங்கு மட்டும் வேறுபடும். அதற்காக, ஒளிந்தது ஒழிந்தது என்றும் கொள்ள முடியாது. புழுவின் குடலில் சோப்பைப் போல வேலை செய்யும் பொருள்கள் உள்ளன. அவை இறுகிய நஞ்சில் ஒரு பகுதியைத் தளர்த்திவிடக்கூடும்.

வழக்கமான இடர் மதிப்பீடு எளிய வகுத்தல்தான்: மண்ணில் எதிர்பார்க்கப்படும் செறிவை, தீங்கு நேராது எனக் கருதும் செறிவால் வகுத்து, ஈவு 1ஐத் தாண்டினால் மேலும் ஆராய்வார்கள். குறுகிய காலச் சோதனை ஒன்று மட்டுமே கையிலிருந்தால், அதன் முடிவை ஆயிரத்தால் வகுத்த பிறகே பாதுகாப்பான செறிவு என்பார்கள். அச்சோதனைகள் பெரும்பாலும் 70 பங்கு மணல், 20 பங்கு களிமண், 10 பங்கு பீட் (சதுப்பு நில மட்கு) சேர்த்த செயற்கை மண்ணில், நஞ்சைப் புதிதாகக் கலந்து நடப்பவை. புழுக்களின் இனப்பெருக்கத்தைப் பார்க்கும் சோதனைகூட 56 நாளில் முடிந்துவிடுகிறது. பல்லாண்டுகள் நீடிக்கும் ஒரு நஞ்சை இதைக் கொண்டு மட்டும் எடைபோடுவது போதாது. ஒரே நிலத்தை இருபது, முப்பது ஆண்டுகள் தொடர்ந்து அளக்கும் ஆய்வுகளுக்கு நிதி வேண்டும். மூன்றாண்டுத் திட்டங்களுக்கு மட்டும் பணம் ஒதுக்கும் போக்கு இத்துறைக்குப் பெரும் கேடு என்பது என் உறுதியான கருத்து.

எனவே, கேள்வி கேட்ட வாசகர் புழுக்களை எண்ணுவதோடு நிற்கக் கூடாது; அவற்றின் உடலில் சேர்ந்திருக்கும் நஞ்சை ஆய்வகத்தில் அளக்கச் செய்ய வேண்டும். அதற்கு முன் புழுக்களை ஈரமான வடிதாளில் ஒரு நாள் விட்டுவைப்பார்கள். குடலிலுள்ள மண் வெளியேறிய பிறகு கிடைக்கும் அளவுதான் புழுவின் உடலுக்குரியது.