ரெசிலியன்ஸ்: தமிழ்ல தாங்குதிறனா, மீள்திறனா?

இயற்கை மனுஷங்களோட ரெசிலியன்ஸை, அதாவது அடி வாங்கினாலும் திரும்ப எழுந்து நிக்கிற தன்மையை, கூட்டும்னு இப்போ நிறைய பேர் எழுதுறாங்க, ஆனா தமிழ்ல எழுத உக்காந்தா ஆளுக்கு ஒரு சொல், தாங்குதிறன், நெகிழ்திறன், மீள்திறன், மீண்டெழும் திறன்னு. எதையோ ஒண்ணு போட்டா சரின்னு விட முடியல, ஒவ்வொண்ணும் வேற வேற விஷயத்தை சொல்லுது.

மூலம் லத்தீன். ரெசிலீரேன்னா திரும்பத் துள்ளுறது, எகிறிப் பின்னால வர்றது. 17ஆம் நூற்றாண்டுல இங்கிலீஷுக்குள்ள வந்துச்சு, 19ஆம் நூற்றாண்டுல இன்ஜினியருங்க கைக்குப் போச்சு. மரச்சட்டம் மேல பாரம் விழுந்தா ஒடியாம வளைஞ்சு, பாரத்தை எடுத்ததும் பழையபடி நிமிருதா, அதுக்குத்தான் இந்தப் பேரு. அதுவரைக்கும் குழப்பமே இல்ல.

1973ல கனடா சூழலியலாளர் ஹோலிங் இதை காட்டுக்குக் கொண்டு போனார், அங்கதான் அர்த்தம் மாறுச்சு. பழைய நிலைக்கு டக்குனு திரும்புறது நிலைத்தன்மை, அடியை வாங்கி உள்ளுக்குள்ள மாறினாலும் காடு காடாவே தொடர்றது ரெசிலியன்ஸ்னு ரெண்டா பிரிச்சார். அவர் காட்டின உதாரணம் ஊசியிலைக் காட்டுல மொட்டைத் தின்னுற ஒரு புழு, அது பெருகுற வருஷங்கள்ல ஒரு வகை மரம் கூட்டங்கூட்டமா செத்துப் போகும், அந்த இடைவெளியில வேற மரம் வளரும், அப்புறம் பழையது திரும்ப முளைச்சு வரும். பாக்க ஏதோ அழிவு மாதிரி இருக்கும், ஆனா இந்த ஏத்த இறக்கத்தாலதான் அந்தக் காட்டுல மரங்கள் கலந்தே நிக்குது.

மனுஷங்க விஷயமும் அப்படித்தான். அலையாத்திக் காட்டோட வேர்க்கூட்டம் அலையோட வேகத்தைக் குறைக்குது, அது தாங்குறது. புயல் ஓஞ்சப்புறம் அதே வேருக்குள்ள மீன்குஞ்சும் இறாலும் வளர்ந்து ஊருக்கு மறுபடி பொழப்பு குடுக்குதே, அது மீள்றது, கான்கிரீட் சுவர் முதல் வேலையைத்தான் செய்யும். ரொம்பப் பெரிய அலைய எந்தக் காடும் முழுசா நிறுத்தாதுங்கிறதையும் சொல்லிடணும். சதுப்புநிலமும் அப்படித்தான், வெள்ளத்தை உறிஞ்சி வெச்சுக்கிட்டு கோடையில மெதுவா விடும். தனி ஆளுக்கும் இது பொருந்தும், 1984ல உல்ரிச்னு ஒருத்தர் பித்தப்பை ஆபரேஷன் ஆன நோயாளிகளோட ரெக்கார்டை ஒப்பிட்டுப் பாத்தார், ஜன்னல் வழியா மரம் தெரிஞ்சவங்க செங்கல் சுவர் தெரிஞ்சவங்களை விட கொஞ்சம் சீக்கிரமா வீட்டுக்குப் போயிருக்காங்க, கடுமையான வலி மருந்தும் கம்மியாத்தான் கேட்டிருக்காங்க. மொத்தம் 46 பேர்தான், சின்ன ஆய்வு, அதனால இதை வெச்சு மரம் பாத்தா நோய் போயிடும்னு கிளம்பிட வேணாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். தாங்குதிறன் பாதிதான், அடி வாங்கி நிக்கிறதோட அது முடிஞ்சிடுது. நெகிழ்திறன் வளையிறதைச் சொல்லும், வளைஞ்சது நிமிருமான்னு சொல்லாது. மீள்னா திரும்பு, அதோட ஆபத்துலருந்து தப்பி வான்னும் அர்த்தம், மீட்பு, மீட்சி எல்லாம் இதே வேர்தான். லத்தீன்ல வெறும் துள்ளல்தான், நம்ம சொல்லுல உயிர் பிழைச்சு வர்றதும் சேர்ந்தே இருக்கு, அதனால என் ஓட்டு மீள்திறனுக்கு. மீட்சின்னு மட்டும் போட்டா பாடப்புத்தகத்துல ரப்பரும் ஸ்பிரிங்கும் படிச்ச ஞாபகம் வந்துடும். ஊரு, சமூகம்னு பேசும்போது மீண்டெழும் திறன் நல்லாருக்கு, கொஞ்சம் மேடைப்பேச்சு வாடை அடிக்கும், பரவால்ல. மீல்திறன்னு மட்டும் டைப் பண்ணாதீங்க, பெரிய ள்.

பழைய சொல் ஒண்ணும் இருக்கு, உரம். மன உறுதிக்கும் அதான், செடிக்குப் போடுறதுக்கும் அதான். 600ஆவது குறள்ல வள்ளுவர் ஊக்கம்தான் ஒருத்தனுக்கு உரம், அது இல்லாதவங்க மனுஷ உருவத்துல இருக்கிற மரம்னு திட்டுறார், ஆனா உல்ரிச்சோட நோயாளிகளுக்கு ஜன்னலுக்கு வெளிய நின்னது அந்த மரம்தான்.