தவறான தகவலா, புரட்டா?

தேர்தல் வந்துவிட்டால் ‘சமூக ஊடகங்களில் தவறான தகவல் பரவுகிறது’ என்ற வரி காதில் விழாத நாளில்லை. வாக்குப்பதிவு நேரத்தை மாற்றிப் படித்துவிட்டு ஒருவர் குடும்பக் குழுவில் போட்டாலும் தவறான தகவல்தான். எதிரணி வாக்காளர்கள் வரக்கூடாது என்று ஒருவர் உட்கார்ந்து போலி அறிவிப்பு தயாரித்தாலும் தவறான தகவல்தான். ‘தவறாகச் சொல்லிவிட்டார்’ என்றால் பேசாமல் திருத்திவிடுகிறோம். ‘புளுகிவிட்டார்’ என்றால்தான் எதற்காக என்று கேட்கிறோம். செய்தியாளர் கேட்கவேண்டியதும் அதைத்தானே?

ஆங்கிலத்தில் தெரியாமல் பரப்புவது மிஸ்இன்ஃபர்மேஷன், தெரிந்தே பரப்புவது டிஸ்இன்ஃபர்மேஷன். பின்னதற்கு ரஷ்யச் சொல்லான ‘தெசின்ஃபர்மாத்சியா’வை மூலமாகச் சொல்வார்கள். 1952-இல் வந்த சோவியத் கலைக்களஞ்சியம், மக்கள் கருத்தைத் திசைதிருப்பும் நோக்கத்தோடு பத்திரிகையிலும் வானொலியிலும் பொய்ச்செய்தி பரப்புவது என்று அதற்குப் பொருள் கொடுத்தது. தமிழுக்கு வரும் வழியில் அந்த நோக்கம்தான் உதிர்ந்துபோனது.

சரி, ‘போலிச் செய்தி’ என்றால்? பல நேரம் காணொளி அசலாகவே இருக்கும். நாலைந்து வருடத்துக்கு முன் வேறெங்கோ நடந்த கைகலப்பை எடுத்து, ‘இன்று காலை வாக்குச்சாவடியில்’ என்று மேலே ஒரு வரி எழுதிவிடுவார்கள். சரிபார்ப்பவர்கள் காணொளியைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து இணையத்தில் தேடுவார்கள். முதலில் யார், எப்போது ஏற்றினார்கள் என்று பார்ப்பார்கள். பின்னணியில் தெரியும் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது என்பதைக்கூட விடமாட்டார்கள். கடைசியில் படம் உண்மை, தலைப்பு பொய் என்று தெரியும். இதில் போலி எது?

அடுத்து, படித்தவர்கள் விரும்பும் ‘திரிபுத்தகவல்’. கேட்க அழகாக இருக்கிறது, அதுதான் தொல்லை. பொன்னும் குடமும் சேர்ந்து பொற்குடம் ஆவதும் திரிபுதான். அதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. பால் திரிந்தது என்றால் பாலையா குற்றம் சொல்வோம்? தானாக நடப்பதற்கும் பொருந்தும் சொல்லை வைத்து, கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையைக் குறித்தால், செய்தவர் பூசி மெழுகிய வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்வார்.

என் ஓட்டு ‘புரட்டு’க்கு. உள்ளதைத் தலைகீழாக்குவதும் புரட்டுவது, ஏமாற்று வேலையும் புரட்டு. பழைய காணொளிக்குப் புதுத் தலைப்பு வைப்பதில் இரண்டும் இருக்கின்றன. செய்திக்கு இது கடுமையான சொல் இல்லையா, நோக்கத்தை எப்படி நிரூபிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தெரியாதவரை ‘தவறான தகவல்’ என்றே எழுதுங்கள். நம்பி அனுப்பிய பெரியப்பாவுக்கும் அதுவே போதும். தயாரித்தவர் யார் என்று தெரிந்த பிறகும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு வழக்கும் உண்டு. ‘தவறாக வழிநடத்தும் பதிவு’ என்று எழுதுகிறார்கள். வழிநடத்துவது மேய்ப்பவர் வேலை. ‘திசைதிருப்பும்’ என்ற சொல் கையிலேயே இருக்கிறது. அப்புறம் ‘உண்மை சரிபார்ப்பு’. உண்மையில் சரிபார்க்க என்ன இருக்கிறது? சரிபார்ப்பது கூற்றை. ஆனால் இந்தச் சொல் வேரூன்றிவிட்டது. சண்டை போட்டுப் பயனில்லை.

தலைப்பு வைப்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க மனமில்லை. ‘வாக்குப்பதிவு தேதி மாறிவிட்டதா?’ என்று கொட்டை எழுத்தில் கேட்டுவிட்டு, மறுப்பை ஏழாவது பத்தியில் வைக்கிறார்கள். தலைப்போடு நகர்ந்துவிடுபவருக்கு மிஞ்சுவது சந்தேகம்தான். ‘அறிவித்த தேதியில்தான் வாக்குப்பதிவு; மாறியதாகப் பரவுவது புரட்டு’ என்று போட்டால் ஒரே வரியில் முடிந்தது.