போட்டோ டாலர் செய்பவர்கள் ரெசின் பாட்டிலைத் திறக்கும் முன்

தெளிந்த அக்ரிலிக் துண்டின் பின்னால் ஒரு படத்தை ஒட்டி, வளையம் கோத்து, டாலராகவோ கம்மலாகவோ கீசெயினாகவோ விற்கும் தொழில் இப்போது எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. மறைந்த அப்பாவின் முகம், குழந்தையின் பிஞ்சுப் பாதம், குலதெய்வக் கோயில், வளர்த்த நாய் என்று விதவிதமாகக் கேட்டு வருகிறார்கள். நானும் பல வருடங்களாக இதைச் செய்து விற்கிறேன், வகுப்பும் எடுக்கிறேன். வகுப்புக்கு வரும் பெண்களில் சிலரின் விரல் நுனிகள் சிவந்து, தோல் உரிந்து, வெடித்திருப்பதைப் பார்க்கிறேன். "பாத்திரம் தேய்க்கிற சோப்பு ஒத்துக்கல அக்கா" என்பார்கள். வீட்டில் என்னென்ன பொருள் கையாளுகிறீர்கள் என்று விசாரித்தால், பட்டியலில் யூவி ரெசின், அதாவது புற ஊதா ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசின், தவறாமல் இருக்கும்.

அந்தத் தெளிந்த துண்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் அக்ரிலிக் என்று சொல்வது பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களில் விமானி உட்காரும் இடத்துக்கு இதில்தான் மூடி போட்டார்கள். அது சிதறிக் கண்ணுக்குள் சில்லு போன விமானிகளைப் பார்த்த ஹெரால்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர், அந்தச் சில்லுகளால் கண் வீங்கிப் புண்ணாகாமல் இருப்பதைக் கவனித்தார். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில், அதே பொருளால் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். உலகின் முதல் செயற்கைக் கண் லென்ஸ் அதுதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் தொடங்கப்பட்டது இத்தகைய லென்ஸ்களைக் குறைந்த விலையில் செய்து தரத்தான். கண்புரை அறுவை செய்துகொண்ட உங்கள் பாட்டியின் கண்ணிலும் இது இருக்கக்கூடும். முழுதாக இறுகிய அக்ரிலிக்கை உடம்பு அவ்வளவு அமைதியாக ஏற்றுக்கொள்கிறது.

பாட்டிலில் திரவமாக வரும் யூவி ரெசினும் அதே அக்ரிலேட் குடும்பம்தான். ஆனால் அதன் மூலக்கூறுகள் இன்னும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளவில்லை. மிகச் சிறியவை என்பதால் தோலுக்குள் எளிதில் புகுந்துவிடும். முதல் சில மாதங்கள் ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளும். அதற்குப் பிறகு சிறு துளி பட்டாலும் அரிப்பு, கொப்புளம், வெடிப்பு. அந்தக் கையால் முகத்தைத் தொட்டால் இமை வீங்கும். இந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பொதுவாக வாழ்நாள் முழுக்கக் கூடவே இருக்கும். பல் அடைப்புக்கும், ஜெல் நெயில் பாலிஷுக்கும், மூட்டு மாற்று அறுவையில் வைக்கும் எலும்புச் சிமெண்டுக்கும் இதே குடும்பப் பொருள்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். டாலர் செய்யப் போய் வந்த ஒவ்வாமை நாளைக்குப் பல் மருத்துவரின் நாற்காலியிலும் தொந்தரவு தரலாம் என்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். இரண்டு பாட்டில்களைக் கலந்து ஊற்றும் எபாக்சி ரெசினுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

"பாட்டில்ல நான்-டாக்சிக்னு போட்டிருக்கே அக்கா?" என்று கேட்பார்கள். சரியாக இறுகிய பிறகு அது உண்மையாக இருக்கலாம். ஊற்றும்போது உண்மையல்ல.

அந்த இறுகலில்தான் போட்டோ டாலருக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. யூவி ரெசின் இறுக 365 முதல் 405 நானோமீட்டர் அலைநீள ஒளி அதன்மேல் பட வேண்டும். படம் அச்சான தாள் அந்த ஒளியை மறைத்துவிடும். அக்ரிலிக்குக்கும் படத்துக்கும் நடுவில் ரெசினை ஊற்றிவிட்டு, படத்தின் முதுகுப் பக்கம் விளக்கைக் காட்டினால் உள்ளே இருப்பது இறுகாமல் பச்சையாகவே கிடக்கும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். வாடிக்கையாளர் கழுத்தில் வியர்வையோடு கிடக்கும்போது ஓரம் வழியாகக் கசியும். தெளிந்த பக்கத்திலிருந்து ஒரு முறை, திருப்பி முதுகுப் பக்கம் ஒரு முறை காட்ட வேண்டும். மெல்லிய பூச்சாகப் பூசி ஒவ்வொன்றையும் தனித்தனியாக இறுக்க வேண்டும். பிசுபிசுப்பு இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

கைக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை போடுங்கள். மெல்லிய கையுறையை இந்த ரெசின் சில நிமிடங்களிலேயே ஊடுருவிவிடும் என்பதால், ஒரு சொட்டு பட்டாலும் உடனே கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று மாட்ட வேண்டும். துணிக் கையுறை ரெசினை உறிஞ்சித் தோலோடு ஒட்டி வைத்திருக்கும். அதற்கு வெறுங்கையே தேவலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமையல் மேடையில் இந்த வேலை கூடவே கூடாது. மிச்சத்தைச் சிங்க்கில் ஊற்றாமல், மெல்லிய படலமாகப் பரப்பி வெயிலில் வைத்துக் கெட்டியாக்கிவிட்டுக் குப்பையில் போடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும், என் அபிப்பிராயம் வேறு. பெரும்பாலான போட்டோ டாலருக்கு ரெசினே தேவையில்லை. அக்ரிலிக்குக்கு இருக்கிற பளபளப்பு போதும். படத்தைத் தரமுள்ள தெளிவான ஸ்டிக்கர் ஃபிலிமில் இடவலம் மாற்றி அச்சடித்து, அதன் பின்னால் ஒரு வெள்ளை ஸ்டிக்கரை ஒட்டினால் முடிந்தது. வெள்ளை ஏன் என்றால், சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. பின்னணி இல்லாவிட்டால் முகம் மங்கிப் பேய் மாதிரி தெரியும். சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்து ஸ்டிக்கரை வைத்து, பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் குமிழி வெளியேறிவிடும். தாளில்தான் வேண்டுமென்றால் லேசர் பிரிண்ட் எடுங்கள். இன்க்ஜெட் மை பெரும்பாலும் தண்ணீரில் கரைவது, வியர்வையிலும் கரையும். எதுவானாலும், கொடுத்த அசல் புகைப்படத்தை வெட்டாதீர்கள். ஸ்கேன் செய்து அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சில வீடுகளில் அந்த ஒரு பிரதிதான் இருக்கும்.

உடனே ஒட்டும் சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி அக்ரிலிக் மேல் வெள்ளையாகப் படிந்து, தெளிவையே கெடுத்துவிடும். அக்ரிலிக் பலகை வேலை செய்யும் கடைகளில் குளோரோஃபார்ம் வைத்து ஒட்டுவதைப் பார்த்துவிட்டு வீட்டிலும் வாங்கி வைக்கிறார்கள். மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள் அது, கல்லீரலையும் பாதிக்கும். பிள்ளைகள் படுத்துத் தூங்கும் அறையில் அதற்கு வேலையில்லை.

முடித்த டாலரைச் சானிடைசராலோ ஸ்பிரிட்டாலோ துடைக்கும் பழக்கமும் இருக்கிறது. லேசரில் வெட்டிய ஓரத்திலும் துளையைச் சுற்றியும் அக்ரிலிக்குக்குள் உள்ளழுத்தம் தங்கியிருக்கும். ஆல்கஹால் பட்டதும் அங்கே மயிரிழை விரிசல்கள் ஓடும். பிறகு ஒருநாள் வளையம் மாட்டிய இடத்தில் பிய்ந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். சென்ட் அடிப்பவர்கள் அதை முதலில் அடித்துவிட்டு, காய்ந்த பிறகு டாலரைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். காருக்குள் கண்ணாடியில் தொங்கவிடக் கேட்டால் நிறம் சீக்கிரம் வெளுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது உலோகம். பாரிமுனை, சவுகார்பேட்டைத் தெருக்களில் எடை போட்டு வாங்கும் வளையங்களிலும் கம்மல் கொக்கிகளிலும் பூச்சுக்கு அடியில் நிக்கல் இருக்கலாம். வியர்வை பட்டால் அது கரைந்து தோலுக்குள் போகும். காது மடல் அரித்து நீர் வடிவதற்கும், கழுத்தில் கருப்பாகத் தடிப்பதற்கும் இது ஒரு பெரிய காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில், துளைக்குள் நுழையும் நகை வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் விடக் கூடாது. தோலில் உரசும் மற்றவற்றுக்கு அளவு 0.5. நம் ஊர் வெயிலுக்கு நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கம்மலுக்கு 925 வெள்ளி அல்லது 316எல் ஸ்டீல் கொக்கி போடுங்கள். சந்தேகமான வளையத்தை டைமெத்தில்கிளையாக்சைம் கரைசல் தொட்ட பஞ்சால் தேய்த்தால், நிக்கல் கசிகிறதென்றால் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறும். நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசி விற்பது தீர்வல்ல, சில நாளில் தேய்ந்துவிடும்.

குழந்தையின் அரைஞாணிலோ கைக்காப்பிலோ கோக்கச் சிறிய போட்டோ டாலர் வேண்டும் என்று தாத்தா பாட்டிமார் ஆசையாகக் கேட்பார்கள். நான் செய்து தருவதில்லை. மூன்று வயதுக்குள் எதுவும் வாய்க்குத்தான் போகும். கழன்று விழுந்த சிறு துண்டு மூச்சுக்குழாயை அடைத்துவிடும். அதே படத்தை உள்ளங்கை அளவு அக்ரிலிக்கில் போட்டு, சுவரில் மாட்டும்படி செய்து தருகிறேன். இதுவரை யாரும் வருத்தப்பட்டதில்லை.

விரல் நுனி ஏற்கெனவே அரிக்கிறதா? ரெசின் வேலையை இன்றே நிறுத்துங்கள். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தொடராதீர்கள். தோல் மருத்துவரிடம் போகும்போது பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்துக் கொண்டுபோங்கள். பேட்ச் டெஸ்ட் செய்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். அக்ரிலேட் என்று முடிவு வந்தால், அதை எழுதி வாங்கிப் பல் மருத்துவரிடமும் காட்டி வையுங்கள்.